யுரேனியத்தைச் செறிவூட்டினாலே ஒப்பந்த மீறல் ஆகுமா?

“ஈரான் யுரேனியத்தைச் செறிவூட்டுவது அணு ஒப்பந்தத்துக்கு விரோதம் என்கிறார்கள். ஜப்பானும் பிரேசிலும் இந்தியாவும்கூட அதையேதானே செய்கின்றன? குற்றமென்றால் எல்லாருக்கும் குற்றமாக இருக்க வேண்டாமா? ஈரான் ஒப்பந்தத்தை விட்டே வெளியேறிவிட்டால் பிறகு யார் என்ன கேட்க முடியும்?” என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி யுரேனியத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது சட்டம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதானா என்ற ஆதங்கம். அதையும் சேர்த்தே பதில் சொல்ல முயல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டக் கல்லூரியில் 22 ஆண்டுகள் பன்னாட்டுச் சட்டம் கற்பித்தேன். அதற்கு முன் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்ததால், ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடமே வந்து சேர்ந்தது. என் பயிற்சி ஆவணங்களைப் படிப்பதில்தான். எந்தச் செறிவூட்டல் ஆலைக்குள்ளும் நான் போனதில்லை. ஒரு நாட்டின் தலைவர்கள் மனத்தில் வைத்திருக்கும் திட்டத்தை ஒப்பந்த வாசகத்திலிருந்து படித்துச் சொல்லவும் முடியாது. ஆகவே எது உறுதியானது, எது இன்னும் சட்ட அறிஞர்கள் முட்டி மோதிக்கொண்டிருக்கும் இடம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செறிவூட்டுவதால் மட்டும், அதாவது பிளந்து ஆற்றல் தரும் வகை யுரேனியத்தின் பங்கைக் கூட்டுவதால் மட்டும், எந்த நாடும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை மீறியதாகாது. 1968 ஜூலை 1 அன்று கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு, 1970 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் மொத்தம் 11 பிரிவுகள். அவற்றில் எங்கும் ‘செறிவூட்டல்’ என்ற சொல்லே கிடையாது. அணு ஆயுதம் இல்லாத நாடுகள் அணு ஆயுதத்தைச் செய்யவோ வேறு வழியில் பெறவோ கூடாது என்கிறது 2ஆம் பிரிவு. அதைச் சரிபார்க்கச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பை ஏற்க வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. அமைதி நோக்கங்களுக்காக அணுசக்தியை ஆராயவும் உற்பத்தி செய்யவும் பயன்படுத்தவும் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பறிக்க முடியாத உரிமை உண்டு என்கிறது 4ஆம் பிரிவு. ஆனால் அந்த உரிமை முதலிரண்டு பிரிவுகளுக்கு இணங்க இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே வரியில் இருக்கிறது. ஈரானுக்காகப் பேசுபவர்கள் அந்த வரியின் முன்பாதியைப் படிப்பார்கள், ஈரானை எதிர்ப்பவர்கள் பின்பாதியைப் படிப்பார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இது ஏதோ பிற்காலத்தில் கண்டுபிடித்த வியாக்கியானம் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதத்தில், அமெரிக்க ஆயுதக் கட்டுப்பாட்டு முகமையின் தலைவராக இருந்த வில்லியம் ஃபாஸ்டர், செனட்டின் வெளியுறவுக் குழுவுக்கு இதை விளக்கினார். அமைதித் திட்டம் ஒன்றின் பகுதியாகச் செறிவூட்டுவதும், பிளவுறும் பொருளை (உலைக்கும் குண்டுக்கும் பயன்படக்கூடிய யுரேனியம், புளூட்டோனியம் போன்றவற்றை) சேர்த்துவைப்பதும், அவை கண்காணிப்புக்கு உட்பட்டிருக்கும்வரை, 2ஆம் பிரிவை மீறா என்பதே அவர் தந்த விளக்கம். ஒரு செயலின் நோக்கம் குண்டு பெறுவதுதான் என்று காட்டும் உண்மைகள் இருந்தால் அது மீறலின் அறிகுறியாகும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். ஆக, பிறந்த நாளிலிருந்தே இந்தச் சட்டம் இரண்டைப் பார்க்கிறது: கண்காணிப்பு இருக்கிறதா, நோக்கம் என்ன. எத்தனை சதவீதம் என்பது அந்த அளவுகோலில் நேரடியாக வருவதில்லை.

சதவீதம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். தோண்டியெடுக்கும் யுரேனியத்தில் 1000 அணுக்களை எண்ணினால், ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் சங்கிலி வினைக்கு உதவும் யுரேனியம்-235 அவற்றில் ஏறத்தாழ 7தான் இருக்கும். மற்றவை கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியம்-238. இரண்டும் வேதியியலில் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். எடையில் மட்டும் மிகச் சிறிய வேறுபாடு. யுரேனியத்தை ஹெக்சாபுளோரைடு வாயுவாக்கி, அதிவேகமாகச் சுழலும் மையவிலக்கு இயந்திரங்களில் வரிசையாகச் செலுத்தி, கனமானதைச் சிறிது சிறிதாக ஒதுக்குகிறார்கள். அந்த 7 அணுக்களைத் தொடாமல் மற்றதை மட்டும் ஒதுக்குவதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மின் உலைக்கு வேண்டிய 4 சதவீதத்தை அடைய 825 அணுக்களை அகற்ற வேண்டும், மிஞ்சுவது 175. அங்கிருந்து 20 சதவீதத்துக்குப் போக இன்னும் 140 அகற்றினால் போதும், மிஞ்சுவது 35. 60 சதவீதத்தில் மிஞ்சுவது சுமார் 12. ஆயுதத் தரம் எனப்படும் 90 சதவீதத்துக்கு அதிலிருந்து இன்னும் நான்கைந்தை எடுத்தால் முடிந்தது. உண்மையான ஆலையில் கழிவோடு கொஞ்சம் 235உம் போய்விடும் என்பதால் எண்கள் இவ்வளவு துல்லியமாக இரா. ஆனால் வேலையின் பெரும்பங்கு தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது மாறாது. மின்சாரத்துக்கு என்று கட்டிய ஆலையும் குண்டுக்கு என்று கட்டிய ஆலையும் ஒரே வகை இயந்திரங்களால் ஆனவை. இந்தத் துறையின் மொத்தத் துயரமும் இந்த ஒரு உண்மையிலிருந்து பிறந்ததுதான்.

எனவே 60 சதவீதம் ஆபத்தானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆபத்தானது, சட்டவிரோதமானது என்ற இரண்டும் ஒன்றல்ல. 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் உயர் செறிவு என்று சர்வதேச அணுசக்தி முகமை வகைப்படுத்துகிறது. உயர் செறிவு யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235 இருந்தால் ஒரு வெடிகருவிக்கான வாய்ப்பை மறுக்க முடியாத அளவு என்று கொள்கிறது. இவை ஆய்வாளர்கள் எத்தனை முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று திட்டமிடுவதற்கான அளவுகள். தாண்டினால் குற்றம் என்ற கோடு எதுவும் அங்கே வரையப்படவில்லை. இன்னும் ஒன்றைச் சொன்னால் வியப்பாக இருக்கும். முகமையின் முழுமைக் கண்காணிப்பு ஒப்பந்த மாதிரியின் 14ஆம் பத்தி, குண்டு அல்லாத இராணுவப் பயன்பாட்டுக்கு, அதாவது நடைமுறையில் நீர்மூழ்கிக் கப்பலின் உலைக்கு, அணுப்பொருளைக் கண்காணிப்பிலிருந்து தற்காலிகமாக விலக்கிவைக்க இடம் தருகிறது. அதற்கென ஒரு நாடு மிக உயர்ந்த செறிவுக்குப் போனாலும் ஒப்பந்த வாசகம் தடுக்காது. பிரேசிலின் நீர்மூழ்கித் திட்டமும் ஆஸ்திரேலியாவுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் கொடுக்க ஒப்புக்கொண்ட கப்பல்களும் இந்தப் பத்தியைச் சுற்றித்தான் விவாதிக்கப்படுகின்றன. இது ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் மீறல் எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் கணக்கில்தான். ஆயுதம் இல்லாத நாடு ஒவ்வொன்றும் முகமையுடன் ஒரு கண்காணிப்பு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. தன்னிடம் உள்ள அணுப்பொருள் எவ்வளவு, எங்கே, என்ன உருவில் என்று அறிவிக்க வேண்டும். ஆய்வாளர் வந்து எடைபோட்டு, முத்திரையிட்டு, கேமரா வைத்துச் சரிபார்ப்பார். அறிவிக்காமல் ஒரு கிராமைச் செறிவூட்டினாலும் அது மீறல். அறிவித்துவிட்டு, கேமராவின் முன்னால் டன் கணக்கில் செறிவூட்டினால் மீறல் இல்லை. முதன்முறை கேட்கும் மாணவர்கள் இதை ஏற்க மறுப்பார்கள். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் சண்டை வரும்.

அப்போதெல்லாம் நான் தென்கொரியாவின் கதையைச் சொல்வேன், ஏனென்றால் இது அதிகம் பேசப்படாதது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு அணுசக்தி ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிலர் லேசர் முறையில் யுரேனியத்தைச் செறிவூட்டிப் பார்த்தார்கள். கிடைத்தது சுமார் 200 மில்லிகிராம். சராசரிச் செறிவு 10 சதவீதத்தை ஒட்டியது. ஆனால் ஒரு கட்டத்தில் 77 சதவீதம் வரை எட்டியது. முகமைக்கு அறிவிக்கவில்லை. 2004இல் ‘கூடுதல் நெறிமுறை’ என்ற கடுமையான கண்காணிப்பு ஏற்பாட்டில் தென்கொரியா சேர்ந்தபோது, பழைய வேலைகளையும் அறிவிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அப்போதுதான் அந்த நாடே இதை வெளியிட்டது. 1982இல் நடந்த ஒரு புளூட்டோனியப் பிரிப்புச் சோதனையும் அதோடு வெளிவந்தது. முகமையின் ஆளுநர் குழு 2004 நவம்பரில் ஆழ்ந்த கவலை தெரிவித்தது. அதோடு நின்றது. ‘ஒப்பந்தத்துக்கு இணங்கவில்லை’ என்று முறைப்படி தீர்மானிக்கவுமில்லை, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு அனுப்பவுமில்லை.

அளவு மிகச் சிறியது, நாடு தானே முன்வந்து சொன்னது, முழுதாக ஒத்துழைத்தது என்று அதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. அவை நியாயமான காரணங்கள்தாம். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அறிவிக்காத செறிவூட்டல் அறிவிக்காத செறிவூட்டல்தான். அமெரிக்காவின் நேச நாடாக இல்லாத ஒன்று இதைச் செய்திருந்தால் இவ்வளவு மென்மை கிடைத்திருக்குமா என்ற உங்கள் ஆதங்கம் இங்கே பொருந்துகிறது. சட்ட வாசகம் பாரபட்சம் காட்டவில்லை; அதைப் பயன்படுத்தும் ஆளுநர் குழு அரசுகளால் ஆனது, அரசுகள் அரசியலோடுதான் வாக்களிக்கின்றன.

இப்போது ஈரான். 1968இல் கையெழுத்திட்டு 1970இல் உறுதிசெய்த நாடு. அதன் கண்காணிப்பு ஒப்பந்தம் 1974 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. 2002 ஆகஸ்டில் நாடுகடந்து வாழும் எதிர்ப்பு அமைப்பு ஒன்று, ஈரான் நதான்ஸில் கட்டிவந்த செறிவூட்டல் ஆலையை உலகுக்கு அறிவித்தது. ‘ரகசியமாக ஆலை கட்டினார்கள், அதுவே மீறல்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அன்று ஈரானைக் கட்டுப்படுத்திய பழைய விதிப்படி, ஆலைக்குள் அணுப்பொருளைக் கொண்டுவருவதற்கு 180 நாள் முன்பு அறிவித்தால் போதும். நதான்ஸில் அப்போது அணுப்பொருள் இறங்கவில்லை. உண்மையான மீறல் வேறிடத்தில் இருந்தது. 1991இல் சீனாவிலிருந்து வாங்கிய சுமார் 1.8 டன் இயற்கை யுரேனியத்தை ஈரான் அறிவிக்கவில்லை. தெஹ்ரானில் கலாயே மின்நிறுவனம் என்ற பெயரில் இயங்கிய பட்டறையில் அதன் ஒரு பகுதியை மையவிலக்கு இயந்திரங்களில் ஓட்டிப் பார்த்ததையும் அறிவிக்கவில்லை. 2003இல் இவற்றை அந்நாடே ஒப்புக்கொண்டது. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. இது கண்காணிப்பு ஒப்பந்தத்தின் மீறல்.

2005 செப்டம்பரில் ஆளுநர் குழு ஈரான் இணங்கவில்லை என்று தீர்மானித்தது. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது, அன்று டெல்லியில் அது பெரிய சர்ச்சையானது. 2006 பிப்ரவரியில் விவகாரம் பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனது. இதன்பின் சட்ட நிலைமை அடியோடு மாறியதைப் பலர் கவனிப்பதில்லை. 2006 ஜூலையில் 1696ஆம் தீர்மானம், டிசம்பரில் 1737ஆம் தீர்மானம் என்று கவுன்சில் செறிவூட்டலை நிறுத்தும்படி ஈரானுக்கு உத்தரவிட்டது. ஐ.நா. சாசனத்தின் 7ஆம் அத்தியாயத்தின் கீழ் பிறந்த அந்த உத்தரவு உறுப்பு நாட்டைக் கட்டுப்படுத்தும். ஆகவே 2006 முதல் 2016 ஜனவரி வரை ஈரான் மின் உலைக்கான 3.5 சதவீதத்துக்குச் செறிவூட்டியதும்கூட மீறல்தான். மீறப்பட்டது பரவல் தடை ஒப்பந்தமல்ல, கவுன்சிலின் உத்தரவு. ‘ஈரான் செறிவூட்டியது சட்டவிரோதம்’ என்ற வாக்கியம் அந்தப் பத்தாண்டுகளுக்கு உண்மை. அதை எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் நீட்டியதில்தான் குழப்பம் பிறந்தது.

சந்தேகத்துக்குரிய பகுதிகளில் ஒன்று இங்கே வருகிறது. 4ஆம் பிரிவு பறிக்க முடியாத உரிமை என்று சொல்லும்போது கவுன்சில் அதை எப்படி நிறுத்தச் சொல்லலாம் என்று ஈரான் வாதிட்டது. சாசனத்தின் 103ஆம் பிரிவுப்படி, சாசனக் கடமையும் மற்ற ஒப்பந்தமும் முரண்பட்டால் சாசனமே மேலோங்கும் என்பது மறுதரப்பின் பதில். என் கணிப்பில் பின்னதே வலுவானது. இதே போன்ற மற்றொன்று ஃபோர்தோ என்ற இன்னொரு செறிவூட்டல் ஆலை பற்றியது. ஆலை கட்ட முடிவெடுத்தவுடனேயே அறிவிக்க வேண்டும் என்ற புதிய விதியை 2003இல் ஏற்ற ஈரான், 2007 மார்ச்சில் அதிலிருந்து பின்வாங்கியதாகச் சொன்னது. கூம் நகருக்கு அருகே மலையடியில் ஃபோர்தோ இருப்பது 2009 செப்டம்பரில் வெளியானபோது, பழைய விதிப்படி தனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றது. ஒருதலையாகப் பின்வாங்க முடியாது என்கிறது முகமை. இதில் நான் முகமையின் பக்கம். ஒப்புக்கொண்ட விதியை ஒரு தரப்பு மட்டும் கடிதம் போட்டு ரத்து செய்ய முடிந்தால் எந்தக் கண்காணிப்புக்கும் பொருள் இராது.

அமெரிக்கா உள்ளிட்ட ஆறு நாடுகளுடன் செய்த 2015 ஜூலை 14 உடன்பாட்டின்படி ஈரான் 3.67 சதவீதத்துக்கு மேல் போவதில்லை, 300 கிலோவுக்கு மேல் செறிவூட்டிய யுரேனிய ஹெக்சாபுளோரைடு வைப்பதில்லை, நதான்ஸில் 5060 பழைய ரக இயந்திரங்களை மட்டுமே ஓட்டுவது என்று ஒப்புக்கொண்டது. பாதுகாப்பு கவுன்சில் 2231ஆம் தீர்மானத்தால் அதை ஏற்று, பழைய உத்தரவுகளை விலக்கியது. இந்த உடன்பாட்டில் யாரும் கையெழுத்திடவில்லை. அது சட்ட ஒப்பந்தம் அல்ல, அரசியல் உறுதிமொழிகள் என்று அமெரிக்க அரசே அந்த ஆண்டில் எழுத்தில் சொன்னது. 2018 மே 8 அன்று அமெரிக்கா வெளியேறியது. 2019 ஜூலை முதல் ஈரான் வரம்புகளைத் தாண்டத் தொடங்கி, 2021 ஜனவரியில் 20 சதவீதத்துக்கும், அதே ஆண்டு ஏப்ரலில் 60 சதவீதத்துக்கும் போனது. இது 2015 உடன்பாட்டிலிருந்து விலகல் என்பது உறுதி. மறுதரப்பு முதலில் விலகியதால் தனக்கு அந்த உரிமை உண்டு என்ற ஈரானின் வாதம் விவாதத்துக்குரியது. எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 60 சதவீதம் பரவல் தடை ஒப்பந்தத்தின் மீறல் என்று அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

2025 ஜூன் 12 அன்று ஆளுநர் குழு மறுபடியும் ஈரான் இணங்கவில்லை என்று தீர்மானித்தது. ஆதரவு 19, எதிர்ப்பு 3, இந்தியா உட்பட 11 நாடுகள் நடுநிலை வகித்தன. அந்தத் தீர்மானத்தின் அடிப்படை என்ன என்பதைக் கவனியுங்கள். அறிவிக்கப்படாத இடங்களில் கிடைத்த யுரேனியத் தடயங்களுக்கு 2019 முதல் ஈரான் நம்பத்தகுந்த விளக்கம் தரவில்லை, முழுதாக ஒத்துழைக்கவில்லை என்பதே அது. துர்குசாபாத், வராமின், மரிவான், லவிசான்-ஷியான் என்ற நான்கு இடங்கள் பேசப்பட்டன. இவற்றில் நடந்ததாகச் சொல்லப்படும் வேலைகள் பெரும்பாலும் 2000களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. 60 சதவீதக் கையிருப்பு கவலைக்குரியதாகக் குறிப்பிடப்பட்டது. மீறலின் காரணமாக அல்ல. அதற்கு முந்தைய மாதம் வந்த முகமை அறிக்கை, அறிவிக்கப்படாத, ஒழுங்கமைந்த ஆயுதத் திட்டம் இப்போது நடப்பதற்கு நம்பகமான அறிகுறி இல்லை என்றும் சொல்லியிருந்தது. ஆளுநர் குழு தீர்மானித்த மறுநாள், ஜூன் 13 அன்று, இஸ்ரேலியத் தாக்குதல் தொடங்கியது. ஜூன் 22 அன்று அமெரிக்கா ஃபோர்தோ, நதான்ஸ், இஸ்பஹான் மீது குண்டு வீசியது. கணக்கில் விளக்கம் தராத நாட்டின் மீது குண்டு வீசும் அதிகாரத்தை அந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் யாருக்கும் தரவில்லை.

ஈரானின் நோக்கம் என்ன என்ற கேள்வியை நான் தவிர்க்கவில்லை. 2003 இறுதிக்கு முன் வெடிகருவி தொடர்பான ஒருங்கிணைந்த வேலைகள் நடந்தன, சில 2009 வரை தொடர்ந்தன, அதன்பிறகு நம்பகமான அறிகுறி இல்லை என்று 2015 டிசம்பரில் முகமை முடிவுசெய்தது. 2003க்கு முன் நடந்த அந்த வேலைகள் 2ஆம் பிரிவை மீறினவா? ‘செய்தல்’ என்ற சொல் குண்டை முழுதாக உருவாக்குவதை மட்டும் குறிக்கிறதா, வடிவமைப்பு ஆராய்ச்சியையும் குறிக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஃபாஸ்டர் அளவுகோலைப் பிடித்தால் மீறல் என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. எந்த நீதிமன்றமும் இதைத் தீர்க்கவில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஜப்பான் ரொக்காஷோவில் செறிவூட்டுகிறது. கூடுதல் நெறிமுறையையும் ஏற்றிருக்கிறது. ஜெர்மனியில் குரோனாவ், நெதர்லாந்தில் அல்மெலோ ஆலைகள் பல பத்தாண்டுகளாகக் கண்காணிப்பில் ஓடுகின்றன. பிரேசில் ரெசெண்டே ஆலையில் செறிவூட்டுகிறது. 2004இல் ஆய்வாளர்கள் இயந்திரங்களை நேராகப் பார்க்க முடியாதபடி தட்டிகள் வைத்து மறைத்தது, தொழில்நுட்ப ரகசியம் என்று காரணம் சொன்னது. கூடுதல் நெறிமுறையை இன்றுவரை ஏற்கவில்லை. அது மீறல் ஆகாது, ஏனெனில் அந்த நெறிமுறை விருப்பத்தின் பேரிலானது. மாறாக, ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கையில் செறிவூட்டலைத் தானே கைவிட்டது. 1992 கூட்டுப் பிரகடனத்தில் இரு கொரியாக்களும் செறிவூட்டல் ஆலை வைத்துக்கொள்வதில்லை என்று வாக்குக் கொடுத்தன. அவர்களுக்கு ஆலை வைப்பதே வாக்கு மீறல். இப்படி ஒவ்வொரு நாட்டின் மீதும் வெவ்வேறு அடுக்குகளில் கடமைகள் படிந்திருக்கின்றன. ஒரே செயல் ஒரு நாட்டுக்கு மீறலாகவும் மற்றொன்றுக்கு உரிமையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவே இல்லை; சேராத ஒப்பந்தத்தை மீற முடியாது. மைசூருக்கு அருகே ரட்டெஹள்ளியில் உள்ள செறிவூட்டல் ஆலை முகமையின் கண்காணிப்புக்கு வெளியே இருக்கிறது. நம் ஊர் உதாரணம் இதைத் தெளிவாக்கும். கூடங்குளம் உலைகளுக்கு ரஷ்யா தரும் குறைந்த செறிவு யுரேனியம்தான் எரிபொருள்; அவை கண்காணிப்பில் இருக்கின்றன. கல்பாக்கத்தின் கனநீர் உலைகள் இயற்கை யுரேனியத்திலேயே ஓடுகின்றன, செறிவூட்டல் தேவையில்லை. ஆனால் கண்காணிப்புக்கு உட்படுத்த 2006இல் இந்தியா வகுத்த சிவில் உலைகளின் பட்டியலில் அவை சேர்க்கப்படவில்லை, கண்காணிப்பும் கிடையாது. ஒரே மாநிலத்தில் இரு சட்ட நிலைகள். ஆனாலும் இந்தியாவைப் பற்றிப் பேசும்போது 1998 ஜூனில் வந்த 1172ஆம் தீர்மானத்தை மறைக்கக் கூடாது. பொக்ரான், சாகாய் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு, ஆயுதத்துக்கான பிளவுறும் பொருள் உற்பத்தியை நிறுத்துமாறு இந்தியாவையும் பாகிஸ்தானையும் கவுன்சில் கேட்டுக்கொண்டது. ஈரானுக்கு விதித்ததுபோல 7ஆம் அத்தியாய உத்தரவாக அது வரவில்லை. இரு நாடுகளும் ஏற்கவுமில்லை. ஒப்பந்தம் ஏற்கும் ஐந்து அணு ஆயுத நாடுகளை (அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா) பொறுத்தவரை செறிவூட்டலுக்கு ஒப்பந்தத் தடை எதுவும் இல்லை. ஆயுதக் குறைப்புக்கு நேர்மையாகப் பேச வேண்டும் என்ற 6ஆம் பிரிவுக் கடமை மட்டும் உண்டு. ஆயுதத்துக்கான உற்பத்தியை எல்லாருக்கும் தடைசெய்யும் ஒப்பந்தம் ஒன்று 1993 முதல் பேசப்படுகிறது. பேச்சுவார்த்தையே இன்னும் தொடங்கவில்லை. உங்கள் ஆதங்கத்துக்கு மிக வலுவான ஆதாரம் அங்கே இருக்கிறது.

‘மீறல்’ என்ற சொல்லை இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. ஈராக் ஒருகாலத்தில் உண்மையாகவே ஏமாற்றியது. ஆய்வாளர்கள் முறையாக வந்துபோன துவைத்தா அணு ஆய்வு வளாகத்திலேயே அறிவிக்கப்படாத வேலைகள் நடந்ததை 1991 போருக்குப் பிறகே உலகம் அறிந்தது. கூடுதல் நெறிமுறை பிறந்ததே அந்தத் தோல்வியிலிருந்துதான். பிறகு 2002இல், அலுமினியக் குழாய்கள் வாங்கியது மையவிலக்கு இயந்திரங்களுக்காக என்று குற்றஞ்சாட்டினார்கள். 2003 மார்ச் 7 அன்று முகமையின் தலைவர் முகமது எல்பரதே பாதுகாப்பு கவுன்சிலில் நின்று, ஈராக் அணுத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதற்கு ஆதாரம் இல்லை, நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று சொன்னார். 13 நாள்களில் போர் தொடங்கியது. அந்த வாரம் நான் வகுப்பில் இந்த ஒப்பந்தத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “பிறகு எதற்கு சார் இதையெல்லாம் படிக்கிறோம்?” என்று கேட்டாள். அவளுக்கு அன்று நல்ல பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் எங்கும் தளர்வாகப் பயன்படுத்தியதில்லை.

கடைசியாக, ஈரான் வெளியேறினால் என்ன என்று கேட்டீர்கள். 10ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. தன் உச்ச நலன்களுக்கு ஆபத்து விளைவித்த அசாதாரண நிகழ்வுகள் எவை என்று குறிப்பிட்டு, எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பாதுகாப்பு கவுன்சிலுக்கும் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வடகொரியா 1993 மார்ச்சில் அறிவிப்புக் கொடுத்து, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது நிறுத்திவைத்தது. 2003 ஜனவரியில் அந்த மிச்சமுள்ள ஒரு நாளே போதும் என்று சொல்லி வெளியேறியது. அது செல்லுமா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் தெளிவு. விலகுவதற்கு முன் செய்த மீறலுக்கு விலகிய பின்னும் நாடு பொறுப்பாளிதான். 2009இல் 1887ஆம் தீர்மானம் இதை உறுதிப்படுத்தியது. பாதுகாப்பு கவுன்சிலின் உத்தரவு பரவல் தடை ஒப்பந்தத்தின் உறுப்பினர் சீட்டைச் சார்ந்ததல்ல. 2231ஆம் தீர்மானம் விலக்கிய பழைய தடைத் தீர்மானங்கள் 2025 செப்டம்பர் இறுதியில் மீண்டும் உயிர்பெற்றதாக ஐரோப்பிய நாடுகள் சொல்வதும், ரஷ்யாவும் சீனாவும் அதை மறுப்பதும் அதனால்தான் முக்கியமாகின்றன. அந்த வாதத்தில் ஐரோப்பியர் சொல்வது சரியென்றால், ஈரான் உள்ளே இருந்தாலும் வெளியே போனாலும் செறிவூட்டலை நிறுத்தும் கடமை மறுபடி வந்துவிட்டது.

ஈரான் வெளியேறினால் உலகம் உடனே இழப்பது கண்காணிப்பு ஒப்பந்தத்தைத்தான். பரவல் தடை ஒப்பந்தத்தில் உறுப்பினராக இருக்கும்வரைதான் அது நிற்கும். 2025 ஜூன் தாக்குதலுக்கு முந்தைய நிலவரப்படி 60 சதவீதத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம் 440.9 கிலோ ஈரானிடம் இருந்ததாக முகமை மதிப்பிட்டது. முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்த பிறகும் அந்த மூன்று மாதம் முழுக்க அதை எடைபோட்டுப் பார்க்கும் உரிமை ஆய்வாளர்களுக்கு இருக்கும். நான்காவது மாதத்தின் முதல் நாளில் அந்த உரிமை போய்விடும்.